சலூன் போத்தலும் கடைப் போத்தலும்

தோட்டப் பாட்டாளிகளுக்கு எதற்கு இந்தப் பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். சம்பளம், வீடு, பிள்ளைகள் படிப்பு, மருத்துவம் என்று எழுத ஆயிரம் விஷயம் இருக்க, தலைமுடிக்குப் பூசும் கண்டிஷனருக்கு ஒரு பக்கமா என்று முகத்தைச் சுளிக்கவும் கூடும். அப்படிச் சுளிப்பவர்கள் நம் தோட்டத்து வீடுகளின் குளிக்கும் அறையை ஒரு தடவை எட்டிப் பார்க்கட்டும். ஒரு காலத்தில் அங்கே ஒரு சவர்க்காரக் கட்டியும் ஒரு டப்பா சீயக்காய்த் தூளும்தான் இருந்தன. இன்றைக்கு நாலு போத்தல், அஞ்சு போத்தல் வரிசையாக நிற்கின்றன. அவை சும்மா வந்து நிற்கவில்லை. வெயிலில் குலை வெட்டிய காசும், விடியற்காலையில் பால்மரம் வெட்டிய காசும்தான் அங்கே போத்தலாக நிற்கின்றன.

ஆகவே இந்த வாரம் நாம் எடுத்துக்கொண்டிருப்பது கண்டிஷனர் சங்கதி. சலூனில் விற்கும் உயர்ந்த விலைப் போத்தல் ஒன்று. கடைக்காரர் தம் சொந்தப் பெயரை ஒட்டி மலிவாக விற்கும் போத்தல் இன்னொன்று. இரண்டுக்கும் உள்ளபடி என்ன வித்தியாசம்? அந்த வித்தியாசத்துக்கு ஏற்ற விலையைத்தான் நாம் கொடுக்கிறோமா? கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

அம்மாவும் மகளும்

ஒரு செம்பனைத் தோட்டத்து வீட்டில் நம் காதில் விழுந்த பேச்சு இது. மகள் டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிற பிள்ளை.

"மா, என் போத்தல்ல யாரு கை வெச்சது? பாதியைக் காணோம்!"

"நான்தான்டி. தலையில சிக்கு எடுக்க முடியலைன்னு ஒரு கை போட்டேன். அதுக்கு என்ன இப்போ?"

"அது சலூன்ல வாங்கினது லா மா. அறுவத்தஞ்சு வெள்ளி!"

"அறுவத்தஞ்சா? உங்கப்பா ஒரு நாள் பூரா வெயில்ல நின்னாத்தான்டி அறுவத்தஞ்சு!"

"அதுக்காக மினி மார்க்கெட்டுல இருக்கிற பதினாலு வெள்ளி சாமானைப் போடச் சொல்றீங்களா? முடி பாழாப் போயிடும்னு சலூன் அக்காவே சொன்னாங்க."

அம்மா சொன்ன கணக்கு சரியான கணக்குத்தான். 2025 பிப்ரவரி 1ஆம் தேதி முதல் நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதை 26 வேலை நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி 38 காசு வருகிறது. ஆக, ஒரு போத்தல் என்பது ஒரு மனிதனின் ஒரு நாள் உழைப்பு. அதில் சந்தேகமே இல்லை.

மகள் சொன்னதுதான் பார்க்க வேண்டியது. விலை குறைந்த கண்டிஷனர் முடியைப் பாழாக்கிவிடுமா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, அந்தச் சாமான் தலையில் என்ன வேலை செய்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

உயிரில்லாத முடி

மண்டைத் தோலுக்கு உள்ளே முடி வளர்கிறது. அங்கேதான் அதற்கு உயிர். தோலைத் தாண்டி வெளியே வந்த முடிக்கு நகத்தைப் போலவே உயிர் கிடையாது. கெராட்டின் என்ற புரதத்தால் ஆன நார் அது. அதற்குச் சோறும் ஊட்ட முடியாது. சத்தும் கொடுக்க முடியாது. "முடிக்கு உணவு", "உயிரூட்டும் சத்து" என்று போத்தலின் முன்பக்கத்தில் எழுதியிருந்தால், அது விற்பனைக்காரர் பேசும் பேச்சு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு முடியின் மேல்புறமும் சின்னச் சின்னச் செதில்களால் மூடப்பட்டிருக்கிறது. அத்தாப்புக் கூரையில் ஓலையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவோமே, அந்த அடுக்குத்தான். வேர்ப்பக்கம் தொடங்கி நுனிப்பக்கம் நோக்கிப் படிந்திருக்கும். வெயில், ஷாம்பூ, இழுத்து வாரும் சீப்பு, சாயம், ரீபாண்டிங் மருந்து எல்லாம் சேர்ந்து இந்த ஓலைகளைக் கிளப்பிவிடும்; சிலதைப் பிய்த்தும்விடும். கிளம்பிய செதில் பக்கத்து முடியின் செதிலில் மாட்டிக்கொள்ளும். அதுதான் நாம் சொல்லும் சிக்கு. ஒளியும் சமமாகப் பட்டுத் திரும்பாது. அதுதான் முடி களையிழந்து தெரிவதற்குக் காரணம்.

இப்படிச் சேதமான இடங்களில், தண்ணீரில் நனைந்தவுடன், எதிர் மின்னூட்டம் அதிகமாக இருக்கும். கண்டிஷனரில் நேர் மின்னூட்டம் உள்ள ஒரு சரக்கைக் கலந்திருக்கிறார்கள். எதிரும் நேரும் ஒன்றையொன்று இழுக்கும் அல்லவா? அந்தச் சரக்கு போய் முடியில் ஒட்டிக்கொள்கிறது. எங்கே சேதம் அதிகமோ அங்கே அதிகமாக ஒட்டுகிறது. தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் முழுக்கப் போய்விடாது. அதன்மேல் மெழுகு போன்ற கொழுப்பும் ஒரு மெல்லிய படலமாகப் படிகிறது. சீப்பு வழுக்கிக்கொண்டு போகிறது. அடுத்த தடவை ஷாம்பூ போட்டால் பெரும்பகுதி கழன்றுவிடும். மறுபடி பூச வேண்டும்.

கண்டிஷனரின் வேலை இவ்வளவுதான். சின்ன வேலை என்று நாம் சொல்லவில்லை. நீண்ட கூந்தல் உள்ள பெண்களுக்கு இது நல்ல உதவி. சிக்கு இல்லாவிட்டால் முடி அறுந்து போவதும் குறையும். ஆனால் இந்த வேலையைச் செய்யும் சரக்குகள் யாருடைய இரகசியமும் அல்ல. எந்தக் கம்பெனியும் வாங்கிக் கலக்கலாம்.

போத்தலின் பின்பக்கம்

முன்பக்கத்தில் படமும் பளபளப்பும் இருக்கும். சங்கதி பின்பக்கத்தில்தான் இருக்கிறது. பொடி எழுத்தில் ஒரு பட்டியல் அச்சடித்திருப்பார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூப்பிட்டு அதைப் படிக்கச் சொல்லுங்கள். பெயர்கள் வாயில் நுழையாது, பரவாயில்லை. அடையாளம் தெரிந்தால் போதும்.

முதல் பெயர் அநேகமாக "அக்குவா" அல்லது "வாட்டர்" என்றிருக்கும். அதாவது தண்ணீர். சலூன் போத்தலானாலும் சரி, கடைப் போத்தலானாலும் சரி, கழுவி விடும் கண்டிஷனரில் பெரும்பங்கு தண்ணீர்தான்.

அடுத்து செட்டில் ஆல்கஹால், ஸ்டியரில் ஆல்கஹால், அல்லது இரண்டும் சேர்ந்த செட்டியரில் ஆல்கஹால் என்று வரும். ஆல்கஹால் என்றவுடன் சம்சுவோ என்று பயந்துவிட வேண்டாம்! இது குடிக்கிற சாராயமும் அல்ல, முடியைக் காய வைக்கிற ஸ்பிரிட்டும் அல்ல. வெள்ளை மெழுகு போல இருக்கும் கொழுப்பு இது. கண்டிஷனர் கெட்டியாக, குழைவாக இருப்பதற்கு இதுவே காரணம்.

மூன்றாவதாக வருவதுதான் முடியில் ஒட்டிக்கொள்ளும் சரக்கு. பெஹென்ட்ரிமோனியம் குளோரைடு, செட்ரிமோனியம் குளோரைடு, ஸ்டியரமிடோபுரொப்பைல் டைமெத்திலமைன் என்று பல பெயர்களில் வரும். இவற்றில் ஏதாவது ஒன்று பட்டியலின் முன்வரிசையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

நாலாவது, சிலிக்கோன் வகை. டைமெத்திகோன், அமோடைமெத்திகோன் என்று எழுதியிருப்பார்கள். மினுமினுப்பும் வழுவழுப்பும் கொடுப்பது இது. அமோடைமெத்திகோன் சேதமான இடத்தைத் தேடிப்போய் ஒட்டக்கூடியது. சிலிக்கோன் போடாத கண்டிஷனரும் உண்டு.

அதற்குப் பின்னால் வாசனை, கெடாமல் காக்கும் மருந்து, சாயம், மூலிகைச் சாறுகள்.

இங்கே ஒரு சட்ட விஷயம் தெரிந்துகொள்வது நல்லது. ஆசியான் நாடுகள் ஒத்துக்கொண்ட விதிப்படி, எது எடையில் அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும். அதிலிருந்து இறங்குவரிசை. நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவாக உள்ளவற்றை மட்டும் கடைசியில் எந்த வரிசையில் வேண்டுமானாலும் எழுதலாம். இன்னொன்று: ஃபீனாக்சி எத்தனால் என்று ஒரு கெடுதடுப்பு மருந்து பல போத்தல்களில் இருக்கும். அதை நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் போட அனுமதி இல்லை. ஆகவே அந்தப் பெயருக்குப் பின்னால் வருகிற எதுவும் நூற்றுக்கு ஒன்றைத் தாண்டாது!

இப்போது சலூன் போத்தலை எடுத்துப் பாருங்கள். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ஆர்கன் எண்ணெய், முத்துத் தூள், அபூர்வப் பூவின் சாறு என்று இருக்கிறதா? பின்பக்கத்தில் அது எங்கே நிற்கிறது? ஃபீனாக்சி எத்தனாலுக்குப் பின்னால் நின்றால், குழம்பு முழுவதற்கும் ஒரு சிட்டிகை காயம் போட்ட கதைதான். காயம் வாசனையாவது கொடுக்கும்!

திமிங்கலமும் செம்பனையும்

செட்டில் என்ற பெயருக்கு ஒரு கதை உண்டு. செவ்ரோல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1817ஆம் ஆண்டில் திமிங்கலத்தின் தலையில் கிடைக்கும் மெழுகிலிருந்து இந்தப் பொருளை முதன்முதலில் பிரித்தெடுத்தார். லத்தீன் மொழியில் திமிங்கலத்துக்குச் 'சீட்டஸ்' என்று பெயர். அதிலிருந்து வந்ததுதான் செட்டில். அன்றைக்குக் கடலில் திமிங்கலத்தைக் கொன்று எடுத்தார்கள்.

இன்றைக்கு எதிலிருந்து எடுக்கிறார்கள் தெரியுமா? பெரும்பாலும் தாவர எண்ணெயிலிருந்து. அதில் முன்னிற்பது நம் செம்பனை! செம்பனை எண்ணெயில் நூற்றுக்கு ஏறக்குறைய 44 பங்கு பால்மிட்டிக் அமிலம். அதைப் பக்குவம் செய்தால் செட்டில் ஆல்கஹால் கிடைக்கும். ஸ்டியரில் ஆல்கஹாலும் இதே எண்ணெயிலிருந்து எடுக்கக்கூடியதுதான். ஷாம்பூவில் நுரை கொடுக்கும் சரக்குக்குச் செம்பனைக் கொட்டையின் பருப்பெண்ணெய் உதவுகிறது. எண்ணெயை இப்படி மூலப்பொருளாக மாற்றும் ஆலைகள் பாசிர் கூடாங், கிள்ளான் வட்டாரங்களில் ஓடுகின்றன.

மலாயாவில் செம்பனையை வியாபாரத்துக்கென்று முதலில் நட்டது 1917ஆம் ஆண்டில், கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில். அன்றிலிருந்து நூறு வருஷத்துக்கு மேலாகக் குலை வெட்டியவர்களும், உதிரிப் பழம் பொறுக்கியவர்களும், கூடையில் தூக்கிச் சுமந்தவர்களும் யார்? நம் தாத்தாவும் பாட்டியும், அப்பாவும் அம்மாவும். பின்னாளில் நம்மோடு தோள் சேர்ந்த இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களும்.

சலூன் போத்தலுக்கென்று தனியாக ஒரு செம்பனை மரம் கிடையாது. அதே மரம், அதே குலை, அதே ஆலை. நம் கையால் வெட்டிய பழத்தின் கொழுப்பு, கடல் கடந்து போய், அழகான போத்தலில் ஏறி, பாரிஸ் என்றும் நியூயார்க் என்றும் பெயர் சூட்டிக்கொண்டு, ஒரு நாள் சம்பளத்தைக் கேட்டு நம் வீட்டு வாசலில் வந்து நிற்கலாம். இதையும் நாம் சிந்தித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

கணக்குப் பார்ப்போம்

அந்த மகள் வாங்கிய சலூன் போத்தலில் 250 மில்லி. விலை 65 வெள்ளி. மினி மார்க்கெட் போத்தலில் 400 மில்லி. விலை 14 வெள்ளி. போத்தல் விலையை மட்டும் பார்த்தால் வித்தியாசம் 51 வெள்ளி என்றுதான் தோன்றும். அளவு வேறு, ஆகவே அது சரியான கணக்கு ஆகாது. நூறு மில்லிக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

சலூன் போத்தல்: 100 மில்லி 26 வெள்ளி.

கடைப் போத்தல்: 100 மில்லி 3 வெள்ளி 50 காசு.

நீண்ட முடிக்கு ஒரு தடவைக்கு இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 மில்லி என்று வைத்துக்கொள்வோம். சலூன் சாமான் ஒரு தடவைக்கு 2 வெள்ளி 60 காசு. கடைச் சாமான் 35 காசு. வாரத்துக்கு இரண்டு தடவை தலை முழுகினால் வருஷத்துக்கு 104 தடவை. அங்கே 270 வெள்ளி 40 காசு. இங்கே 36 வெள்ளி 40 காசு. வித்தியாசம் 234 வெள்ளி. குறைந்தபட்சச் சம்பளக் கணக்கில் மூன்றரை நாள் உழைப்புக்கு மேல்! ஒரு தலைக்கு இது. வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள் இருந்தால் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

அதிக விலை எங்கே போகிறது? உயர்ந்த வாசனைக்குப் போகிறது. தடித்த அழகான போத்தலுக்குப் போகிறது. சினிமா நட்சத்திரத்தின் விளம்பரத்துக்குப் போகிறது. சலூன் கடை வாடகைக்கும் இலாபத்துக்கும் போகிறது. ஆராய்ச்சிக்கும் ஒரு பங்கு போகத்தான் செய்கிறது. அதை நாம் மறைக்கவில்லை.

சலூனில் வேலை செய்யும் பெண்கள்மேல் யாரும் கோபப்பட வேண்டாம். அவர்களும் நம்மைப் போலக் கூலிக்கு உழைப்பவர்கள். அதில் எத்தனையோ பேர் தோட்டத்திலிருந்து போன பிள்ளைகள். பல கடைகளில் ஒரு போத்தல் விற்றால் அவர்களுக்குச் சிறு கமிஷன். "கடைச் சாமானைப் போட்டா முடி போயிடும்" என்று சொல்லச் சொல்லிக் கொடுப்பது முதலாளி. "யோசிச்சு வாங்கிக்கிறேன்க்கா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்தால் போதும்.

சலூன் போத்தலுக்கும் நியாயம் உண்டு

ஒரு பக்கம் மட்டும் பேசினால் அது நியாயம் ஆகாது. மலிவானது எல்லாம் ஒன்றுபோல நல்லது என்று நாம் சொல்லவில்லை. பட்டியலில் பெயர் ஒன்றாக இருந்தாலும் எத்தனை பங்கு போட்டார்கள் என்று அதில் இருக்காது. ஒரு கம்பெனி ஒட்டும் சரக்கைத் தாராளமாகப் போடும். இன்னொன்று கிள்ளிப் போடும். சாயம் வெளுத்த முடி, ரீபாண்டிங் செய்த முடி, அடிக்கடி சூடு காட்டிய முடி ஆகியவற்றுக்குக் கொஞ்சம் பலமான கண்டிஷனர் தேவைப்படும். அப்படிப்பட்ட தலைக்குச் சில சலூன் சாமான்கள் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் அதே பலமான சரக்குகள் மத்திய விலைப் போத்தல்களிலும் இருக்கலாம். தேட வேண்டிய பெயர்கள்தான் இப்போது உங்களுக்குத் தெரியுமே!

மருந்தோடு ஒப்பிட்டுச் சிலர் பேசுவது உண்டு. "பேனடோலும் கிளினிக்கில் கொடுக்கிற பாராசிட்டமோலும் ஒன்றுதானே, அதுபோலத்தானே இதுவும்?" என்பார்கள். பாதிதான் சரி. மருந்தில் எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்கும். அரசாங்கம் சோதித்துத்தான் பதிவு செய்யும். கண்டிஷனருக்கு அப்படி இல்லை. "இது அதற்குச் சமம்" என்று எந்த அரசாங்க இலாகாவும் முத்திரை குத்துவதில்லை. அமெரிக்காவில் சாலி பியூட்டி என்ற கடைத்தொடர், ஜெனரிக் வேல்யூ புரொடக்ட்ஸ் என்ற பெயரில், இன்ன சலூன் சரக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று போத்தலிலேயே எழுதி மலிவாக விற்கிறது. எந்தப் பெயர் அதில் இருந்தாலும், ஒப்பிடச் சொல்வது கடைக்காரர். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவர் வாங்குபவர். நம் நாட்டில் வாட்சன்ஸ், கார்டியன் போன்ற கடைகளும் தங்கள் சொந்தப் பெயரில் சாமான் விற்கின்றன. அங்கேயும் அதே விதிதான்.

மலிவு வேறு, போலி வேறு

இந்த இடத்தில் எச்சரிக்கை ஒன்று. தன் சொந்தப் பெயரைப் போட்டு மலிவாக விற்பது நேர்மையான வியாபாரம். இன்னொருவர் பெயரைத் திருடி, அதே போத்தல் போலச் செய்து, பசார் மாலாமிலும் கைப்பேசி விற்பனையிலும் "ஒரிஜினல் லா, ஸ்டாக் கிளியரன்ஸ்" என்று பாதி விலைக்கு விற்பது போலி. உள்ளே என்ன ஊற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது. 65 வெள்ளி சலூன் சாமான் 20 வெள்ளிக்குக் கிடைக்கிறது என்றால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

நம் நாட்டில் விற்கும் அழகுச் சாமான் ஒவ்வொன்றையும் சுகாதார அமைச்சின் கீழுள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்துக்கு அறிவித்த பிறகே விற்க வேண்டும். என்.பி.ஆர்.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 2008ஆம் ஆண்டிலிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. அறிவித்த சாமானுக்கு என், ஓ, டி என்ற எழுத்துகளில் தொடங்கி, நடுவில் இலக்கங்கள் வந்து, கே என்ற எழுத்தில் முடியும் ஓர் எண் கிடைக்கும். கைப்பேசி வைத்திருக்கும் பிள்ளைகள் அந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் சாமானின் பெயரைத் தேடிப் பார்க்கலாம். அந்த எண் இருந்தால் சாமான் உயர்ந்தது என்று பொருள் இல்லை. விற்பவர் யார் என்று அரசாங்கத்துக்குத் தெரியும் என்றுதான் பொருள். போலிக்கு அதுவும் கிடையாது.

விற்றவர் ஏமாற்றிவிட்டால் சும்மா இருக்க வேண்டாம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. வக்கீல் வைக்காமலே வழக்குச் சொல்லலாம். ஆகவே வாங்கிய ரசீதைக் குப்பையில் போடாதீர்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை

எந்தப் போத்தல் உங்கள் முடிக்கு ஏற்றது என்று உங்கள் தலைதான் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது.

பெயர் எழுதாத இரண்டு சின்ன டப்பாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சலூன் சாமான், இன்னொன்றில் கடைச் சாமான். அம்மாவோ தங்கச்சியோ அவற்றை ஊற்றி, அடியில் ஒன்று, இரண்டு என்று எண் போடட்டும். எது எது என்று தலை முழுகுகிறவருக்குச் சொல்லக் கூடாது. ஷாம்பூ போட்டு அலசி, முடியை நடுவகிடு எடுத்து இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் ஒன்றாம் டப்பா, மறுபக்கம் இரண்டாம் டப்பா, இரண்டிலும் சம அளவு பூசுங்கள். அலசிக் காய்ந்த பிறகு எந்தப் பக்கம் சீப்பு சுலபமாக ஓடுகிறது, எந்தப் பக்கம் மென்மை, எந்தப் பக்கம் பிசுக்கு என்று எழுதி வையுங்கள். மறு தடவை பக்கத்தை மாற்றிப் பூசுங்கள். நாலு தடவை செய்த பிறகு டப்பாவின் இரகசியத்தை உடையுங்கள். வாசனையை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தோன்றினால், பூசும் வேலையையும் சீப்புப் போடும் வேலையையும் வேறொருவர் செய்யட்டும்.

சலூன் சாமான்தான் ஜெயித்தது என்றால், வித்தியாசம் எவ்வளவு என்று கேளுங்கள். விலையில் ஏழு மடங்குக்கு மேல் வித்தியாசம். முடியில் ஏழு மடங்கு தெரிகிறதா? தெரிந்தால் வாங்குங்கள், உங்கள் காசு, உங்கள் தலை. தெரியாவிட்டால் மீதிக் காசுக்கு வேறு வேலை இருக்கிறது.

எந்தப் போத்தலானாலும் சிக்கனமாகப் போடும் முறை ஒன்றுதான். அலசிய முடியிலிருந்து தண்ணீரைப் பிழிந்துவிட்டுப் பூசுங்கள். சொட்டச் சொட்டப் பூசினால் சரக்கு ஓடிவிடும். மண்டையில் தேய்க்க வேண்டாம். பாதி முடியிலிருந்து நுனி வரை போதும். இரண்டு நிமிஷம் விட்டு அலசுங்கள்.

பாட்டி சொன்னதும் பொய்யில்லை

தலை முழுகுவதற்கு முன்னால் தேங்காய் எண்ணெய் தேய்ப்பது நம் வீட்டுப் பழக்கம். டவுன் பிள்ளைகள் சிலர் இதைக் கேலி செய்கிறார்கள். 2003ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு முடிவில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் கழிவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதன் லாரிக் அமிலம் முடிக்கு உள்ளேயே இறங்கக்கூடியது என்பது அவர்கள் சொன்ன காரணம். ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் கம்பெனியைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். இருந்தாலும் பாட்டியின் கைப்பழக்கத்தில் சரக்கு இருக்கிறது.

இன்னொரு முக்கியமான விஷயம். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறதா? அதற்குக் கண்டிஷனர் மருந்து அல்ல. 14 வெள்ளிப் போத்தலும் அல்ல, 65 வெள்ளிப் போத்தலும் அல்ல. பிள்ளை பெற்று இரண்டு, மூன்று மாதத்தில் முடி கொட்டுவது உண்டு. டெங்கி போன்ற கடுங்காய்ச்சலுக்குப் பிறகும் அப்படியே. இரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைந்தாலும், தைராய்டு சுரப்பியில் கோளாறு இருந்தாலும் கொட்டும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. முதலில் அங்கே போய் இரத்தத்தைக் காட்டுங்கள். தலையில் அரிப்போ தடிப்போ வந்தால், எந்தச் சாமானாக இருந்தாலும் உடனே நிறுத்திவிடுங்கள்.

நம் பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

அழகாக இருக்க ஆசைப்படுவது குற்றமே இல்லை. தோட்டத்திலிருந்து டவுனுக்கு வேலைக்குப் போகும் பிள்ளை, நாலு பேர் நடுவில் தலை நிமிர்ந்து நிற்க விரும்புகிறாள். "எஸ்டேட் பொண்ணு" என்று எவரும் இளக்காரமாகப் பார்த்துவிடக் கூடாது என்று நினைக்கிறாள். அந்த வலி நமக்குப் புரியாதது அல்ல. அந்த வலியைத்தான் விளம்பரக்காரர்கள் நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். விலை உயர்ந்த போத்தலைக் கையில் கொடுத்து, மரியாதையையும் சேர்த்து வாங்கிவிட்டதாக நம்ப வைக்கிறார்கள்.

தலையில் பூசியது எத்தனை வெள்ளி என்று எதிரே நிற்பவருக்குத் தெரியப் போவதில்லை, தங்கச்சி. ஆனால் வருஷத்துக்கு 234 வெள்ளி கையில் மிஞ்சினால் அது உனக்குத் தெரியும். மாலை வகுப்பு ஒன்றுக்குக் கட்டணம் ஆகலாம். தம்பியின் பள்ளிச் சப்பாத்துக்கும் புத்தகத்துக்கும் ஆகலாம். உன் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கில் கிடக்கலாம். அம்மாக்களுக்கும் ஒன்று சொல்கிறோம்: பிள்ளையைத் திட்டுவதால் பயனில்லை. பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு போத்தலையும் திருப்பி வைத்துச் சேர்ந்து படியுங்கள்.

அடுத்த தடவை கடைக்குப் போகும்போது மூன்று காரியம் செய்யுங்கள். போத்தலைத் திருப்பி முதல் ஐந்தாறு பெயரைப் பாருங்கள். நூறு மில்லிக்கு என்ன விலை என்று கணக்குப் போடுங்கள். விற்பவரின் பெயரும் முகவரியும் ஒழுங்காக அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றும் சரியாக இருந்தால், விலை குறைந்த போத்தலைத் தைரியமாகக் கூடையில் போடுங்கள். அதற்குள் இருக்கும் கொழுப்பு எந்த மரத்திலிருந்து வந்தது என்று உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தக் கடையில் யாரும் இருக்க மாட்டார்கள்.